லீவுக்காரி

தெருவில் டிரம்பெட் முழங்கத் தொடங்கியபோது லூசியன் தன் மனைவி மரீஸின் இடது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வலது கண் தானாகவே மூடியிருந்தது. இடது கண் மட்டும் அரைகுறையாகத் திறந்து விட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. இமையை விரலால் கீழே இழுத்துப் பிடித்தார். விரலை எடுத்ததும் அது மெல்ல மேலே போயிற்று. மறுபடி பிடித்தார். டிரம்பெட் சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்டது. பிறகு இரண்டு வீடு தள்ளி.

திருவிழாவின் இரண்டாம் நாள் காலையில் ஊர் இளவட்டங்கள் வாத்தியத்தோடு ஒரு வீடு விடாமல் வருவார்கள். வாசலில் நின்று ஒரு பாட்டு வாசிப்பார்கள். சோம்பு மணக்கும் தட்டை ரொட்டி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். வீட்டுக்காரர் பதிலுக்குத் தன்னால் ஆனதைக் கொடுப்பார். கதவைத் திறக்காத வீட்டைப் பற்றி அடுத்த திருவிழா வரைக்கும் பேசுவார்கள். லூசியன் வீட்டுக் கதவு ஒரு வருடமும் திறக்கத் தாமதமானதில்லை. தெருமுனையில் மேளம் கேட்கும்போதே மரீஸ் ஏப்ரனோடு வாசற்படியில் நின்றுகொண்டிருப்பாள். மேளக்காரப் பையன் எவனாக இருந்தாலும் அவனைப் பிடித்து இரண்டு சுற்று ஆடிவிட்டுத்தான் விடுவாள்.

லூசியன் கீழே இறங்கிப்போய்க் கதவைத் திறந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தார். ஆனால் திறந்த கதவுக்கு நேராக ஏழெட்டுப் பேர் கழுத்தில் சிவப்புத் துணியோடு நின்று முகம் சிவக்க ஊதிக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிகிறவரை நிற்க வேண்டியதாயிற்று.

"மேடம் எங்க? இந்தத் தெருவுலயே ஆடத் தெரிஞ்சவங்க அவங்க ஒருத்தர்தான்," என்றான் மேளக்காரன். அவனுக்கும் அவள் சீக்காளி என்று தெரியும். நோயாளியைப் பற்றிக் கேட்கும்போது வருகிற அந்தப் போலிக் கலகலப்பு அவன் குரலில் இருந்தது.

லூசியன் வாயைத் திறந்தார்.

"தூங்குறா."

"தூங்கட்டும், தூங்கட்டும். ராத்திரி டான்ஸுக்கு எழுப்பிவிட்டா போதும்."

கதவருகே ஜாடியில் மரீஸ் முந்தின வாரமே எடுத்து வைத்திருந்த பண நோட்டை அவர் எடுத்துக் கொடுத்தார். ரொட்டியை வாங்கிக்கொண்டார். வாத்தியம் அடுத்த வீட்டுக்குப் போயிற்று. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது கையிலிருந்த ரொட்டி இளஞ்சூடாக இருந்தது. செத்துப்போனவளைத் தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டோமே என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

நர்ஸ் சபீன் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். காளை ஓட்டத்துக்காகத் தெருவின் இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு வைத்தாகிவிட்டது. அவள் காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருந்தாள். மாடிப்படி ஏறும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. லூசியனின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். பிறகு இருவருமாக மரீஸைத் துடைத்து, வெள்ளைப் பூப்போட்ட நீல கவுனை மாட்டினார்கள். ஜூன் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே, எதை மாட்ட வேண்டும் என்று மரீஸ் சொல்லி வைத்திருந்தாள். திறக்கிற கண்ணின் மேல் சபீன் ஈரப் பஞ்சை வைத்தாள்.

"ஐயா, சன்னல் பலகைய மட்டும் திறந்துடாதீங்க. வெயில் உள்ள வந்தா தாங்காது. குளிர்பெட்டி கொண்டு வரச் சொல்லியாச்சு. ஆனா காளை ஓடி முடிஞ்சு தடுப்பை எடுத்தாத்தான் வண்டி தெருவுக்குள்ள வரும்."

"சரிம்மா."

"அதுவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? உங்க ஊர்லதான் சாவு மணி அடிச்சா எல்லாமே நின்னுடுமே. நான் போற வழியில ரவுல்கிட்ட சொல்லிட்டுப் போறேன். தடுப்பை உடனே எடுத்துடுவாங்க."

லூசியன் தலையை ஆட்டினார். ஆமாம், நின்றுவிடும். காலையிலிருந்து அவர் நெஞ்சில் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

அந்த ஊர் வழக்கம் அது. திருவிழா நாளில் யாராவது கண்ணை மூடினால் சாவு மணி அடிப்பார்கள். மணி அடித்தால் வாத்தியம் நிற்கும், இரும்புக் குண்டு விளையாடுகிறவர்கள் கையில் இருக்கும் குண்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள், காளைகள் லாரியிலேயே திரும்பிப் போகும். இரண்டு வருடம் முன்பு கிழவர் பாதிஸ்தானுக்கு அப்படித்தான் நடந்தது. தொண்ணூறு தாண்டியவர், பத்து வருடமாக யாரோடும் நல்ல வார்த்தை பேசாதவர், சரியாகத் திருவிழா சனிக்கிழமை பார்த்து மண்டையைப் போட்டார். ஊர் வாய்க்குள் முனகிக்கொண்டே எல்லாவற்றையும் நிறுத்தியது. சதுக்கம் முழுக்க ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சில்வண்டுகளைத் தவிர எதுவும் சத்தம் போடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் மரீஸ் நடனத்துக்கு என்று இஸ்திரி போட்டு வைத்திருந்த கவுனை மறுபடி மடித்தாள். இதே நீல கவுன்தான்.

"எவ்வளவு அழகா இருக்கு லூசியன். ஒரு முசுட்டுக் கிழவனுக்காக ஒரு ஊரே வாய மூடிட்டு நிக்குது. எங்க ஊர்ல பக்கத்து வீட்ல ஒருத்தர் செத்தா நாத்தம் வந்துதான் தெரியும்."

பிறகு கவுனை அலமாரியில் வைத்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டாள்: "எனக்கும் நிறுத்துவாங்களா?"

"நிறுத்தாம? பைத்தியக்காரி," என்றார் லூசியன்.

அவள் வடக்கே லீல் நகரத்துக்காரி. மழையும் புகையும் செங்கல்லுமான ஊர். முப்பது வயதில், மூன்று வார லீவில், ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்க வந்தாள். லூசியன் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இந்தச் சத்தம் எந்தப் பறவை என்று கேட்டாள். பறவை இல்லை, சில்வண்டு என்றார். அவ்வளவுதான் பேச்சு. லீவு முடிந்து போனவள், மிச்சம் இருந்த சாமானையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்கள் முதல் நாளே குனிந்து வேலை செய்து நிமிர மறந்தவர்கள். மரீஸ் பிழைக்க வந்தவள் இல்லை, ரசிக்க வந்தவள். அதை ஊரால் ஜீரணிக்க முடியவில்லை. அறுவடை நாளில் மற்றவர்களுக்குச் சமமாகக் கூடை தூக்குவாள். ஆனால் நடுவில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மலை ஊதா நிறமாகிறது பாருங்கள் என்பாள். யாரும் பார்க்க மாட்டார்கள். அது அவர்கள் பிறந்ததிலிருந்து ஊதாவாகிக்கொண்டிருக்கிற மலை. சனிக்கிழமைச் சந்தையில் ஒரு முலாம்பழம் வாங்க நாலு கடைப் பழத்தையும் மோந்து பார்ப்பாள். லூசியனைப் பழைய வண்டியில் ஏற்றிக்கொண்டு, அவர் பிறந்து வளர்ந்தும் எட்டிப் பார்த்திராத பாலங்களையும் குகைகளையும் மடாலங்களையும் காட்டினாள். போகிற இடத்தில் மர நிழலில் துணி விரித்து ரொட்டியும் ஆட்டுப்பால் பாலாடைக் கட்டியும் சாப்பிடுவார்கள். உள்ளூர்க்காரன் வெளியூர்க்காரன் மாதிரி தரையில் உட்கார்ந்து தின்கிறானே என்று லூசியனுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அந்தச் சுகம் பழகிவிட்டது.

"என்னடா லூசியா, உன் பொண்டாட்டிக்கு இன்னும் லீவு முடியலையா?" என்று மதுக்கடையில் யாராவது ஒருவர் கேட்பார். முப்பத்தெட்டு வருடமாக அதே கேலி. லீவுக்காரி என்பதே அவள் பெயராயிற்று. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. மரீஸ் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தாள். லூசியனும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

மத்தியானத் தூக்கம் மட்டும் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. ஊரே பலகைகளைச் சாத்திக்கொண்டு வெயிலுக்குப் பயந்து படுத்திருக்கும்போது அவள் மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சன்னல் பலகை இடுக்கு வழியாகத் தெருவின் நிழல் விட்டத்தில் விழும். தெருவில் யாராவது நடந்தால் விட்டத்தில் ஒரு சின்ன நிழல் தலைகீழாக எதிர்ப்பக்கம் நடக்கும். அந்த அறையிலேயே பிறந்த லூசியன் அதைக் கவனித்ததே இல்லை. அவள்தான் காட்டினாள். "இலவச சினிமா," என்பாள். "இதோ ஜோசெத் போறா. கையில முட்டைக்கோஸ்."

பதினோரு மணிவாக்கில் ரவுல் வந்தார். விழாக் கமிட்டித் தலைவர். லூசியனோடு ஒரே தெருவில் பிறந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் மேல் பூண்டு வாடை அடித்தது. மாடிக்கு ஏறிக் கட்டிலருகே நின்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு அழுதார். பொய் அழுகை இல்லை. மூக்கைச் சிந்திக் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு கீழே சமையலறைக்கு வந்தார். லூசியன் காபி ஊற்றினார்.

"வலி இருந்துச்சாடா?"

"இல்ல. விடியக்காலைல தண்ணி கேட்டா. கொண்டு வந்தேன். குடிக்கல."

"கொடுத்து வச்சவ."

ரவுல் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"மணி..." என்றார் லூசியன்.

"ஆமா. அதைப் பேசத்தான் வந்தேன்." ரவுல் காபியை ஒரே மடக்கில் குடித்தார். "லூசியா, நீயே கமிட்டில இருந்தவன். உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. இன்னிக்கு மத்தியானம் முன்னூத்தி அம்பது பேருக்கு விருந்து. கருவாட்டை ரெண்டு நாளா தண்ணி மாத்தி மாத்தி ஊறப் போட்டு, இப்ப வெந்தாச்சு. என் பொண்டாட்டியும் அவ தங்கச்சிங்களும் விடியறதுக்கு முன்னாடியே பூண்டு இடிக்க உக்காந்தாங்க. இந்த வெயில்ல அந்தச் சாந்து சாயங்காலம் வரைக்கும் தாங்காது, பிரிஞ்சு போயிடும். ஆத்தங்கரைக் கேம்ப்ல இருந்து பாதி ஜனம் வருது."

"ம்."

"இப்ப மணி அடிச்சா... உனக்கே தெரியும்."

"தெரியும்."

"மரீஸுக்குத் திருவிழான்னா உசுரு. இப்ப அவ இருந்தா என்ன சொல்லுவா? 'எனக்காக ஏன்டா பட்டினி கெடக்குறீங்க, உக்காந்து தின்னுங்கடா'ன்னுதான் சொல்லுவா. சொல்லுவாளா, மாட்டாளா?"

சொல்லுவாள். அதுதான் லூசியனை மடக்கிப் போட்டது. அவள் ஆசையையே எடுத்து அவளுக்கு எதிராக வைத்துவிட்டார் ரவுல்.

"நாளைக்குக் காலைல முதல் வேலையா நானே போய் அடிக்கிறேன். எவ்வளவு நேரம் வேணுமோ அவ்வளவு நேரம்."

"பாதிஸ்தானுக்கு நிறுத்தினோம்," என்றார் லூசியன்.

மேஜை மேலிருந்த ரொட்டியில் ஒரு ஈ உட்கார்ந்தது. ரவுல் அதைக் கையால் விரட்டினார். அது சுற்றிவந்து அங்கேயே உட்கார்ந்தது.

"பாதிஸ்தான் வேறடா."

"எப்படி வேற?"

ரவுல் எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஒருவர் பேச்சின் முடிவு இன்னொருவருக்குத் தெரிந்த அளவுக்குப் பழகிய இரண்டு பேர். கடைசியில் வேறு ஒன்றைச் சொன்னார்:

"மரீஸை நாங்க யாரும் வேத்து ஆளா நெனச்சதே இல்ல. அது உனக்குத் தெரியும்."

பாதிஸ்தானைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. சொல்லத் தோன்றியிருக்காது. லூசியன் அதை நினைத்தார். நினைத்துக்கொண்டே, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, தலையை ஆட்டினார். அறுபது வருடமாக ரவுல் சொல்வதற்கெல்லாம் ஆடிப் பழகிய தலை அது.

ரவுல் எழுந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டார். வாசலில் தொப்பியைப் போட்டுக்கொண்டே திரும்பினார்.

"யாராவது கேட்டா அவ தூங்குறான்னே சொல்லிடு. பசங்ககிட்ட நீ அப்படித்தான் சொல்லியிருக்க போல. அதுவே இருக்கட்டும், இன்னிக்கு ஒரு நாள்."

கதவருகே பிரம்புக் கூடை இருந்தது. விருந்துக்கு அவரவர் தட்டும் கத்தியும் முள்கரண்டியும் கண்ணாடிக் கோப்பையும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். முந்தின நாள் சாயங்காலம், படுக்கையிலிருந்தபடியே மரீஸ் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் எடுத்து வைத்திருந்தார். ஓரத்தில் நீலக் கோடு போட்ட இரண்டு தட்டு. நீ அங்கே சாப்பிடு, எனக்கு ஒரு தட்டில் வாங்கிக்கொண்டு வா, நுனி நாக்கில் தொட்டுக்கொண்டாலும் போதும் என்றிருந்தாள். ரவுல் போகிறபோது அந்தக் கூடையையும் தூக்கிக்கொண்டு போனார். உன் பங்கைக் கொடுத்தனுப்புகிறேன் என்றார்.

மாடியில் அறை இருட்டாக இருந்தது. அவர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். சதுக்கத்திலிருந்து பெஞ்சுகளை இழுக்கிற சத்தம் வந்தது. பிறகு பாட்டில்களும் கோப்பைகளும். வாத்தியக்காரர்கள் மரீஸ் எப்போதும் கேட்டு வாங்குகிற அந்த ஸ்பானியப் பாட்டை வாசித்தார்கள். அவளுக்காக இல்லை, வழக்கமாக வாசிப்பதால் வாசித்தார்கள்.

அவருக்கு அழுகை வரவில்லை. கொடுத்த வாக்கை ஒரு கோப்பை காபி குடிக்கிற நேரத்துக்குள் விற்றுவிட்டோம் என்ற எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அவள் அவரிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. பிள்ளை பிறக்கவில்லை என்று குறைப்பட்டதில்லை. ஊர்க் கேலியைத் தடுக்கவில்லை என்று சண்டை போட்டதில்லை. அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு, முகத்தைக்கூடக் காட்டாமல், ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. அந்தப் பக்கத்து மணிக்கூண்டுகள் எல்லாம் நேரத்தை இரண்டு தடவை சொல்லும். முதல் தடவை எண்ணத் தவறியவர்களுக்காகக் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. அது மரீஸுக்குத் தீராத வேடிக்கை. "முதல் தடவை வேலை பாக்கறவங்களுக்கு, ரெண்டாவது தடவை லீவுல இருக்கறவங்களுக்கு," என்பாள். லூசியன் காத்திருந்தார். மணி மறுபடி பன்னிரண்டு அடித்தது. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு எழுந்து, கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கோயிலுக்குப் பூ வைக்கிற வேலை பக்கத்து வீட்டு ஜோசெத்துடையது. சாவி அவள் சமையலறை ஆணியில் தொங்கும். அவள் விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். லூசியனின் கோட்டைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"எப்போ?"

"விடியக்காலைல."

"அப்ப, காலைல வாத்தியம் வந்தப்ப...?"

அவர் ஆணியைப் பார்த்தார். ஜோசெத்தும் ஆணியைப் பார்த்தாள்.

"ரவுல் சரின்னு சொன்னானா?"

"இல்ல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையில் எதையோ தேடினாள். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. அந்த ஆணியில என்ன தொங்குது, என்ன தொங்கலைங்கிறதெல்லாம் நான் பாக்கறதே இல்ல."

இப்போது யாரும் கயிறு இழுப்பதில்லை. கோயிலின் பின்னறைச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதில் பொத்தான்கள். ஒவ்வொன்றின் கீழும் முன்பு மணியடித்துவந்த கோயில்பிள்ளையின் கையெழுத்தில் ஒரு சீட்டு: பூசை, கல்யாணம், ஞானஸ்நானம், சாவு ஆண், சாவு பெண். லூசியன் மூக்குக் கண்ணாடியை எடுத்து வரவில்லை. சீட்டுக்கு முகத்தை ஒட்டினாற்போல வைத்து, இரண்டு தடவை படித்து, பிறகு அமுக்கினார். மேலே எதுவோ புரள்கிற சத்தம் கேட்டது. பெரிய மணி ஒரு தடவை அடித்தது. பெண்ணுக்கான சின்ன மணி இரண்டு தடவை பதில் சொன்னது. பிறகு நீண்ட இடைவெளி.

அவர் கோயில் வாசலுக்கு வந்து நின்றார்.

பிளாத்தான் மரங்களுக்கு அடியில் நீள நீளமாக மேஜைகள். வெள்ளைக் காகித விரிப்பு, அண்டாக்களில் ஆவி பறக்கும் காரட், உருளைக்கிழங்கு, வெந்த முட்டை, கருவாடு. கிண்ணங்களில் மஞ்சள் நிறப் பூண்டுச் சாந்து. வாத்தியம் பாட்டின் நடுவில் நின்றது. பெஞ்சுகள் நகர்ந்தன. முதலில் கிழவர்கள் எழுந்தார்கள், பிறகு அவர்கள் மக்கள், பிறகு பேரப்பிள்ளைகள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கரண்டி தட்டில் படுகிற சத்தம்கூட இல்லை. மணி அடித்தது, இடைவெளி விட்டது, மறுபடி அடித்தது. ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்தது.

நிறுத்திட்டாங்க மரீஸ், என்று லூசியன் மனதுக்குள் சொன்னார். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு, முன் மேஜையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் காதருகே குனிந்தாள்.

"யாரு?"

அவள் உதட்டைப் பிதுக்கி அடுத்தவரைப் பார்த்தாள். கேள்வி மேஜை மேஜையாகப் போயிற்று. யாரோ ஒருவர் கோயில் வாசலைப் பார்த்தார், கறுப்புக் கோட்டைப் பார்த்தார், குனிந்து எதையோ சொன்னார். பதில் அங்கிருந்து புறப்பட்டது. அது போகிற வழி லூசியனுக்கு நன்றாகத் தெரிந்தது. அது போய்ச் சேர்ந்த இடத்திலெல்லாம் தோள்கள் தளர்ந்தன.

"லீவுக்காரியாம்."

"அடப் பாவமே. நல்ல பொம்பள."

"நம்ம ஆளுங்கள்ல யாரோன்னு பயந்தே போயிட்டேன்."

ஒருவர் உட்கார்ந்தார். அவர் எதிரில் இருந்தவர் உட்கார்ந்தார். பிறகு மேஜை மேஜையாக உட்கார்ந்தார்கள். யார் முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டு, உச்சுக் கொட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் சாந்துக் கிண்ணத்தை நகர்த்திக் கொடுத்தார்கள். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பேச்சு அதற்கு மேலே கேட்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. லீவுக்கு வந்திருந்த கேம்ப் ஆட்கள் மட்டும் போனைத் தூக்கிப் பிடித்து மணிக்கூண்டைப் படம் எடுத்தபடி நின்றார்கள். மணி ஓய்ந்ததும் அவர்கள் கை தட்டினார்கள். மரியாதையாகத்தான் தட்டினார்கள். விழாவில் இதுவும் ஒரு அம்சம் என்று நினைத்திருப்பார்கள்.

ரவுல் மட்டும் அண்டாக்களின் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். தொப்பி கையில் இருந்தது. சதுக்கத்தின் அந்தக் கோடியிலிருந்து லூசியனைப் பார்த்தார். லூசியனும் பார்த்தார். ரவுல் தலையைக் குனிந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, வாத்தியக்காரர்கள் பக்கம் கையை அசைத்தார்.

லூசியன் வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. சாவி இன்னும் உள்ளங்கையில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். அறையில் வெக்கை ஏறிவிட்டிருந்தது. பஞ்சு காய்ந்து நழுவித் தலையணையில் கிடந்தது. இடது கண் மறுபடி பாதி திறந்திருந்தது. அந்தக் கண்ணை நேராகப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. மணி அடிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. நாளைக்கு என்று விட்டிருந்தால், இன்று அடித்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள் என்று கடைசிவரை நம்பிக்கொண்டாவது இருந்திருக்கலாம். இனி எத்தனை வருடம் இந்த ஊரில், இதே முகங்களுக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டும்? முப்பத்தெட்டு வருடம் அவளை இவர்கள் நடுவில் வைத்திருந்தோம், ஒருநாளாவது அவள் பெயர் மரீஸ் என்று உரக்கச் சொன்னோமா? அவளோடு சேர்ந்து சிரித்தோம் என்றா நினைத்தோம்? ஊரோடு சேர்ந்தல்லவா சிரித்தோம்.

மாடிப்படியில் காலடி கேட்டது. ஜோசெத் மூச்சு வாங்க ஏறி வந்தாள். கையில் பிரம்புக் கூடை. கட்டிலருகே வந்து மரீஸின் கையைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு கூடையிலிருந்து நீலக் கோடு போட்ட இரண்டு தட்டுகளையும் எடுத்து மேஜையில் வைத்தாள். இரண்டிலும் சாப்பாடு இருந்தது.

"ரவுல் குடுத்தனுப்பினான். நீ ரெண்டு பேருக்கு டிக்கெட் எடுத்திருந்தியாம். அவ தட்டுல நல்ல நடுத்துண்டாப் பாத்து வச்சிருக்கான், பாரு." சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்டதுபோல் நிறுத்தினாள். "என்ன செய்யறதுன்னு அவனுக்குத் தெரியலப்பா."

"சரி," என்றார் லூசியன். சாவியை அவள் கையில் வைத்தார்.

"கொஞ்சமாவது சாப்பிடு."

அவள் போன பிறகு அறை முழுக்கப் பூண்டு வாசனை நிறைந்தது. நேற்று ராத்திரியிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை. வாயில் எச்சில் ஊறியது. அதற்காக வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே தன் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கருவாடு, முட்டை, காரட் எல்லாவற்றையும் சாந்தில் தொட்டுச் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது. ரொட்டியால் தட்டைத் துடைத்து அதையும் சாப்பிட்டார். அப்போதுதான் அழுகை வந்தது. வாயில் ரொட்டியோடு, சத்தமில்லாமல், தட்டு மடியில் ஆட ஆட அழுதார்.

சதுக்கத்தில் வெடி ஒன்று வெடித்தது. காளைகளை அவிழ்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். தெருவில் ஆட்கள் சுவரோரம் ஓடி ஒதுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு குளம்புச் சத்தம். முதலில் தூரத்தில், பிறகு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது போல. பழைய வீடு அதிர்ந்தது. கட்டிலருகே விடியற்காலையிலிருந்து அப்படியே இருந்த தண்ணீர்க் கோப்பை நடுங்கியது. மேஜையில் அவள் தட்டு மெல்ல நகர்ந்தது. லூசியன் கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார்.

விட்டத்தில் நிழல்கள் ஓடின. தலைகீழாக, சின்னச் சின்னதாக, எதிர்ப்பக்கமாக. முதலில் காளைகளை ஓட்டிவருகிறவர்களின் குதிரைகள், அவற்றின் நடுவே நெருக்கிக்கொண்டு காளைகள், பின்னால் கையை வீசிக்கொண்டு ஓடுகிற பையன்கள். ஒரு மூலையில் புறப்பட்டு மறு மூலையில் மறைந்தன. கொஞ்ச நேரம் வெறும் வெளிச்சக் கோடு மட்டும் இருந்தது. பிறகு பின்தங்கிவிட்ட ஒற்றைக் காளை ஒன்று, அவசரமில்லாமல், விட்டத்தைக் கடந்து போயிற்று.

அவள் தட்டில் எண்ணெய் சாந்திலிருந்து பிரிந்து ஓரத்துக்கு வந்திருந்தது. தெருமுனையில் தடுப்பை இழுக்கிற சத்தமும் அதற்கு அப்பால் ஒரு வண்டி கிளம்புகிற சத்தமும் கேட்டது. லூசியன் தலையணையில் கிடந்த பஞ்சை எடுத்தார். அதைத் தண்ணீர்க் கோப்பையில் நனைத்துப் பிழிந்தார். குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். இடது கண் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.